முப்பத்தொண்ணு வந்திருக்காளா?

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மைனஸ் டீச்சர். கரும்பலகையில் எந்தக் கணக்கைத் தொடங்கினாலும், "மைனஸைத் தொலைச்சிடாதீங்க, அப்புறம் தேடினாலும் கிடைக்காது" என்பார். இருபத்தாறு வருஷமாக இதே வசனம். பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபித்துக்கொள்ளவில்லை. அவர் மட்டும் என்ன, பிள்ளைகளைப் பெயர் சொல்லியா கூப்பிட்டார்? வருகைப் பதிவேட்டில் உள்ள எண்தான். "பதினேழு, ஜன்னலை மூடு." "நாலு, அஞ்சோட பேசினது போதும்."

நான் அதே பள்ளியில் வரலாறு நடத்துகிற ஆள். ஆசிரியர் அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அதனால் இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி அவர் வாயால் கேட்டது.

அவர் பாடம் நடத்துவதை நான் எத்தனையோ முறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். கணக்கை எழுதிப் போட்டுவிட்டுப் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். ஒரு வார்த்தை பேசமாட்டார். எந்தப் பேனா எந்த வரியில் நின்றுவிட்டது, யார் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறார்கள், யார் எழுதுவதுபோல நடிக்கிறார்கள், எல்லாம் அவருக்கு நின்ற இடத்திலிருந்தே தெரியும்.

எட்டாம் வகுப்பில் முப்பத்தொண்ணு என்று ஒரு பெண் இருந்தாள். கணக்கில் சுமார்தான். புரியாவிட்டால் பின்னல் நுனியை வாயில் வைத்துக் கடிப்பாள். அதையும் மீறிப் புரியாவிட்டால் எழுந்து நின்று "ஏன் டீச்சர்?" என்று கேட்டுவிடுவாள். வகுப்பில் அப்படிக் கேட்பவள் அவள் ஒருத்திதான். "அது வாயைத் திறக்கிறதாலதான் மத்த நாப்பது பேருக்கும் விளங்குது" என்று டீச்சர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் நோய் வந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். இரண்டு வாரம் என்றார்கள், ஒரு மாதம் என்றார்கள், பிறகு எதுவும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை தலைமையாசிரியை எல்லா ஆசிரியர்களுக்கும் போனில் செய்தி அனுப்பினார். திங்கட்கிழமை முதல் அவரவர் வீட்டிலிருந்தே வகுப்பு எடுக்க வேண்டும். எப்படி என்று கேட்டவர்களுக்கு ஒரு காணொளி அனுப்பி வைத்தார். அதில் ஒரு இளைஞர் ரயில் வேகத்தில் பேசினார்.

கணக்கு டீச்சருக்குப் போன் என்றால் பேசுவதற்கு. அவ்வளவுதான். அவருடைய வீட்டுக்காரர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அச்சகமும் மூடிக் கிடந்ததால் அவரும் வீட்டில்தான். இரண்டு பேருமாகப் படுக்கையறை அலமாரிக் கைப்பிடியில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையைக் கட்டித் தொங்கவிட்டு, எதிரில் தலையணைகளை அடுக்கி அதன்மேல் போனை நிறுத்திப் பார்த்தார்கள். திரையில் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தது.

"பிள்ளைங்க எப்படிப் படிக்கும்?" என்று டீச்சர் பதறிப்போனார்.

"இதுக்கா இவ்வளவு கவலை? அச்சு எழுத்தெல்லாம் திரும்பித்தானே இருக்கும், கண்ணாடி எழுத்து எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஞாயிறு முழுக்க மனைவிக்கு எண்களைத் திருப்பி எழுதப் பயிற்சி கொடுத்தார். மாலைக்குள் டீச்சர் ஏழையும் ஐந்தையும் அழகாகத் திருப்பிப் போடப் பழகிவிட்டார்.

திங்கட்கிழமை முழு வகுப்பையும் அப்படியே நடத்தி முடித்தார். ஒரு பிள்ளை மூச்சு விடவில்லை. கடைசியில் ஒன்பதாம் எண் பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "டீச்சர், எங்களுக்கு எல்லாம் கண்ணாடியில பாக்குற மாதிரித் திரும்பித் தெரியுது. இது புதுப் பாடமா?" போனில் அவருடைய பிம்பம்தான் அவருக்குத் திரும்பித் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு நேராகத்தான் போகும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

அன்று எங்களிடம் போனில் இதைச் சொல்லிச் சிரித்தார். ஒரு வாரம் கழித்து அந்தச் சிரிப்பு போய்விட்டது. திரையில் நாற்பத்தொரு கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். முகம் கிடையாது. முகத்தைக் காட்டினால் இணையம் தீர்ந்துவிடும் என்று பெற்றோர் கேமராவை மூடிவிட்டார்கள். கணக்கைப் போட்டுவிட்டுப் பேசாமல் நின்று பார்க்க அவருக்கு அங்கே எதுவும் இல்லை. "கேக்குதா? புரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரர் ஒரு நாள் எண்ணிப் பார்த்து, "இன்னைக்கு எழுபத்திரண்டு கேக்குதா" என்றார். டீச்சர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாராம்.

"பாடம் நடத்துறேனா, தனியாப் பேசிக்கிட்டு இருக்கேனான்னே தெரியலை" என்று என்னிடம் போனில் சொன்னார். எனக்கும் அதே நிலைமைதான். என்ன ஆறுதல் சொல்ல?

அந்தக் கறுப்புக் கட்டங்களில் ஒன்றுமட்டும் தினமும் முதலாவதாக வந்து கடைசியாகப் போனது. முப்பத்தொண்ணு. வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அது அப்படியே இருக்கும். டீச்சர்தான் மூட வேண்டும். ஆனால் அவள் வாயைத் திறப்பதே இல்லை. கேள்வி கேட்டால் பதில் வராது. பல நாள் அவளுடைய மைக் திறந்து கிடக்கும். ஹாரன் சத்தமும் லாரி இரைச்சலும் வகுப்புக்குள் கொட்டும்.

"முப்பத்தொண்ணு, மைக்கை மூடு! நடுரோட்டுல உக்காந்தா படிக்கிற?"

மூடமாட்டாள். டீச்சரே மூடிவிட்டுத் தொடர்வார். வாயாடிப் பெண் இப்படித் திமிராகிவிட்டாளே என்று அவருக்கு வருத்தம். மூன்றாவது மாதம் பெற்றோர் குழுவில் அவளைப் பற்றி எழுதிப் போட்டார்: 'பதில் சொல்வதே இல்லை. கவனம் போதாது.' அதற்கு அவள் அப்பாவிடமிருந்து கைகூப்பும் படம் ஒன்று வந்தது. வேறெதுவும் வரவில்லை.

முதல் பருவம் முடிந்தபோது தலைமையாசிரியைக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு நாள்கூட விடாமல் வந்த பிள்ளைகளுக்குச் சான்றிதழ். தங்கநிறக் கரை போட்டு, பள்ளி முத்திரை வைத்து, போனிலேயே அனுப்பினார்கள். எட்டாம் வகுப்பில் ஐந்து பேர் தேறினார்கள். அதில் முப்பத்தொண்ணும் ஒருத்தி. வகுப்பாசிரியர்கள் வீட்டுக்குப் போன் செய்து வாழ்த்த வேண்டும் என்பது உத்தரவு.

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர்தான் வகுப்பாசிரியர். அவர் போன் செய்தார். அப்பாதான் எடுத்தார்.

"டீச்சரா? ஒரு நிமிஷம் டீச்சர், வண்டியை ஓரம் கட்டிக்கிறேன்." அவர் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தார்.

"பொண்ணுகிட்ட குடுங்களேன், வாழ்த்துச் சொல்லணும்."

"அவ வீட்ல இருக்கா டீச்சர். நான் வேலையில இருக்கேன்."

"அப்போ நீங்க வேற போன் வச்சிருக்கீங்களா?"

"இல்லை டீச்சர். வீட்டுக்கே இது ஒண்ணுதான்."

"இன்னைக்குக் காலையில வகுப்புல இருந்தாளே?"

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு அவர் சொன்னார். "நான்தான் டீச்சர். சட்டைப் பையில."

தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெயர் நீக்கப்படும் என்று பள்ளியிலிருந்து வந்த செய்தியைப் படித்துப் பயந்துபோயிருக்கிறார். தினமும் காலையில் கிளம்பும்போது வகுப்பைத் திறந்து பையில் போட்டுக்கொள்வார். ஒரு காதில் பாடம், எதிரில் சாலை.

"சும்மா போட்டு வைக்கலை டீச்சர். நீங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டுத்தான் ஓட்டுவேன். சாயங்காலம் போய் அவகிட்ட சொல்லுவேன். பாதி மறந்துடும். மைனஸையும் மைனஸையும் பெருக்கினா பிளஸ்னு சொன்னீங்கல்ல, அதைச் சொன்னேன். ஏன்பான்னு கேட்டா. எனக்கு எங்க தெரியும்?" கடைசியாக, "நீங்க திட்டினதையெல்லாம் அவகிட்ட சொல்லலை டீச்சர்" என்றார்.

டீச்சர் அன்றைக்கே போனில் என்னிடம் இதைச் சொன்னார். "அஞ்சு மாசம். ஒரு சட்டைப் பைக்கு இயற்கணிதம் நடத்தியிருக்கேன். தினமும் டிக் போட்டிருக்கேன். போதாக்குறைக்கு அந்த மனுஷனைத் திட்டியிருக்கேன்."

மறுநாளே தலைமையாசிரியையிடம் பேசினார். "இந்தப் பதிவு பொய்ங்க, மாத்தணும்" என்றார்.

"மாத்தினா அவளுக்கு அஞ்சு மாசம் ஆப்சென்ட். பேரை எடுத்துடுவாங்க. அறிக்கையும் மேல போயாச்சு. நீங்க நல்லது பண்றதா நெனச்சு அவ தலையில கை வச்சிடாதீங்க டீச்சர்."

"பள்ளிக்கூடத்துலேர்ந்து அவளுக்கு ஒரு போன் ஏற்பாடு பண்ண முடியாதா?"

"எத்தனை பேருக்கு? இவ ஒருத்தி கதை நமக்குத் தெரிஞ்சிடுச்சு. தெரியாம எத்தனை சட்டைப் பை இருக்கோ!"

அடுத்த நாள் காலையிலும் முதல் ஆளாக முப்பத்தொண்ணு வந்தது. உண்மை தெரிந்துகொண்டே டிக் போட்டார். இருபத்தாறு வருஷத்தில் பதிவேட்டில் அவர் தெரிந்து எழுதிய முதல் பொய் அது. அதற்குப் பிறகும் தினமும் எழுதினார்.

தன்னால் முடிந்ததைச் செய்யாமலும் இல்லை. அப்பா வீடு திரும்பும் ஆறரை மணிக்கு அரைமணி நேரம் அவளுக்குத் தனியாக நடத்துவது என்று ஏற்பாடு. முதல் நாள், ஐந்து மாதம் கழித்து அவள் குரலைக் கேட்டார். ஆனால் நாள் முழுக்க ஓடிய போனில் அந்த நேரத்துக்குச் சார்ஜ் இருக்காது. இருந்தால் நடுவில் பொட்டலம் கேட்டு யாராவது கூப்பிடுவார்கள், பாடம் அறுந்துவிடும். நோட்டைக் காட்டச் சொன்னால், கீறல் விழுந்த கேமராவில் வெறும் புகைமூட்டம் தெரியும்.

"புரியுதாம்மா?"

"புரியுது டீச்சர்."

எதற்கும் அதே பதில். முன்பெல்லாம் டீச்சர் முடிக்கவிடாமல் குறுக்கே கேட்ட பெண், இப்போது எல்லாம் புரிகிறது என்றாள். ஒற்றைப் போனில் அப்பாவின் வேலை நேரத்தைத் தின்றுகொண்டிருக்கிறோம் என்ற கூச்சமா, நிஜமாகவே தடம் விட்டுப்போய்விட்டதா? முகத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடலாம். போனில் எப்படிச் சொல்வது?

பதினோரு நாள் இப்படி நடந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் முப்பத்தொண்ணு வகுப்புக்கு வரவில்லை. மாலையும் போன் அணைந்திருந்தது. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, டீச்சர் கணக்குகளைக் கையால் எழுதி, விடைக்கு இடம்விட்டு, ஒரு கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்காரர் எவ்வளவோ தடுத்தார், கேட்கவில்லை. முகக்கவசம் இரண்டாகப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தார். அவள் தெருவின் முனையில் தகரத்தட்டி வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே ஏழு வீட்டில் நோய். அவள் அப்பாவுக்கும் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

காவலுக்கு நின்றவர் உள்ளே விடவில்லை. "பேப்பரைக் குடுங்கம்மா, சேர்த்துடறேன்" என்றார். அவர் பக்கத்திலிருந்த பெட்டியின் ஓரத்தில் ஏற்கெனவே பைகளும் மருந்துச் சீட்டுகளும் குவிந்து கிடந்தன. டீச்சர் அதன்மேல் கணக்குத் தாள் கட்டை வைத்துவிட்டு, தகரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பதிவேட்டில் இருந்தது தெருப் பெயர் மட்டும்தான். எது அவள் வீடு என்றுகூட அவருக்குத் தெரியாது.

அப்பா பிழைத்து வந்துவிட்டார். வேலை போய்விட்டது. பிறகு வேறு வேலை கிடைத்தது. அதிலும் போன் அவர் கையில்தான் இருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் எல்லோருக்கும் பரீட்சை இல்லாமல் தேர்ச்சி போட்டார்கள்.

பள்ளி திறந்தபோது அவள் ஒன்பதாம் வகுப்பின் பாதியில் வந்து உட்கார்ந்தாள். ஒரு சாண் வளர்ந்திருந்தாள். முதல் வாரத்தில் டீச்சர் அவளைப் பலகைக்கு அழைத்து எளிமையான ஒரு சமன்பாட்டைக் கொடுத்தார். சாக்குக்கட்டியை வாங்கிக் கேள்வியை அழகாக எழுதினாள். அதற்குக் கீழே அதே கேள்வியை இன்னொரு முறை எழுதினாள். அப்புறம் கை நின்றுவிட்டது.

"மறந்துடுச்சா? பரவாயில்லை" என்றார் டீச்சர்.

"மறக்கலை டீச்சர். இது எனக்கு வந்ததே இல்லை."

பள்ளி முடிந்ததும் தனி வகுப்பு தொடங்கினார். முதல் நாள் பத்தொன்பது பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இடத்தில் ஓட்டை. ஒருவனுக்குப் பின்னம் தெரியாது, இன்னொருத்திக்கு வகுத்தலே தடுமாற்றம். யாரை எங்கிருந்து தூக்குவது? பகலில் பாடத்திட்டத்தை முடியுங்கள் என்று தலைமையாசிரியையின் நெருக்கடி வேறு. முப்பத்தொண்ணு ஆறு வாரம் வந்தாள். பிறகு அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, வீட்டில் வேலை இருக்கிறது என்று நின்றுவிட்டாள். பத்தாம் வகுப்பில் எல்லைக்கோட்டில் தேறினாள்.

அடுத்த வகுப்புக்குப் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் படிவத்தைக் கையெழுத்துக்காக ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தாள். நானும் இருந்தேன். கணக்கு இல்லாத பிரிவில் டிக் போட்டிருந்தாள். டீச்சர் படிவத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு வாரம் என்கிட்ட வந்து உக்காரு. அப்புறம் முடிவு பண்ணலாம்."

"நாலு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுத்துடணும் டீச்சர்." மரியாதையாகத்தான் சொன்னாள். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை.

"என் மேல ஏதாவது கோபமா உனக்கு?"

"ஐயோ, உங்க மேல எதுக்கு டீச்சர்?" என்று நிஜமாகவே திகைத்துப்போனாள். "அப்பாகூட அடிக்கடி சொல்லுவாரு, உங்க குரல் இருந்ததால ரோடு தூரமே தெரியலைன்னு."

டீச்சர் பேனாவை என்னிடமிருந்து வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவள் நன்றி சொல்லிவிட்டு, ஆபீஸில் எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்று என்னைக் கேட்டாள். கடைசி ஜன்னல் என்றேன். வராந்தாவில் அவள் வேகமாக நடந்து போனாள். மணி மூன்று நாற்பது. டீச்சர் பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அடுத்த பீரியட் அவருக்கு வகுப்பு இருந்தது. மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆகியும் எழுந்திருக்காததால், அன்று அவர் வகுப்புக்கு நான் போனேன்.