ஒழுகாத பஸ்

சித்தப்பா ஏலத்தில் எடுத்த பழைய பஸ்ஸுக்குப் பதினான்கு ஜன்னல்கள். பதினொன்று மூடும், மூன்று மூடாது. ஏறியதும் நான் எண்ணிப் பார்த்தது அதைத்தான். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டில், ஸ்டவ், தண்ணீர் டிரம் எல்லாம் வைத்து அதை வீடாக்கியிருந்தார். மலைச் சந்தைகளில் புளியும் சாமையும் வாங்கி விற்பது, அதிலேயே குடியிருப்பது என்று திட்டம். சித்தி மறுபேச்சில்லாமல் ஏறிக்கொண்டாள். கண்ணமங்கலத்தில் எங்கள் கூட்டுக் குடும்பம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

எங்கள் அரிசி மண்டியைப் பார்த்துக்கொள்ளத் தம்பி வேண்டும் என்பது அப்பாவின் கவலை. அதற்கேற்ற சாக்கும் கிடைத்தது. முதல் மழையிலேயே பஸ் ஒழுகி, புளி மூட்டைகள் நனைந்தன. "இனி ஒரு சொட்டு உள்ள வந்தாலும் காயலான் கடைக்குப் போட்டுட்டு ரெண்டு பேரும் வூடு வந்து சேருங்க" என்று சொல்லியனுப்பினார். சொன்னதோடு விடவில்லை, சோதிக்கவும் கிளம்பினார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன்.

காவலூர் பக்கத்தில் ஒரு சாமைக் கொல்லை ஓரம் பஸ் நின்றது. கூரையில் ஐந்து இடத்தில் தார் அப்பியிருந்தது. சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே சித்தப்பா பூசுவார். அடுத்த மழையில் அது வேறோர் இடத்தில் விழும். தண்ணீர் எங்கோ புகுந்து, தகரத்துக்கு அடியில் கம்பியோடு ஓடி, வேறெங்கோ இறங்குகிறது. புகும் இடம்தான் பிடிபடவில்லை. அதற்காக மூன்று வாளிகளில் தண்ணீர் கலக்கி வைத்திருந்தார். ஒன்றில் வேட்டிக்குப் போடும் நீலம், ஒன்றில் குங்குமம், ஒன்றில் மஞ்சள். கூரையின் பின்பக்கம் நீலம், நடுவில் குங்குமம், முன்பக்கம் மஞ்சள். உள்ளே எந்த நிறம் சொட்டுகிறதோ அந்தப் பக்கம் ஓட்டை.

"பஸ்ஸு வயசுக்கு வந்துட்ச்சாடா, மஞ்சத்தண்ணி ஊத்தற?" என்றார் அப்பா.

"அதெல்லாம் எப்பவோ ஆச்சிண்ணா. இது கெயவி."

அப்பா யாரையும் நம்பமாட்டார். தானே கூரையில் ஏறினார். சித்தப்பா ஏணியில் நின்று வாளிகளை எடுத்துக் கொடுத்தார். சித்தியும் நானும் உள்ளே இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

நீலத்துக்கு ஒன்றுமில்லை. குங்குமத்துக்கும் இல்லை. மஞ்சளை ஊற்றிச் சற்று நேரம் கழித்து, கட்டிலுக்கு மேலே ஜன்னலோரம் ஒரு சொட்டு தொங்கியது. நான் வாய் திறப்பதற்குள் சித்தி உள்ளங்கையை நீட்டி அதை ஏந்தினாள்.

"இன்னாம்மா, எதுனா வருதா?" என்று மேலிருந்து குரல்.

"ஒண்ணும் இல்லீங்க மாமா."

அடுத்த சொட்டும் கைக்கு வந்தது. உள்ளங்கை நிறைந்ததும் முகத்தில் பூசிக்கொண்டு, மறுபடி கையை நீட்டினாள். கண்கள் மட்டும் கம்பியில் தெரிந்த மஞ்சள் கோட்டின் மேலேயே மெல்ல முன்பக்கம் போய், டிரைவர் சீட்டுக்கு மேலே ஓரிடத்தில் நின்றன.

சொட்டு நின்று, சித்தி முந்தானையால் கம்பியைத் துடைத்த பிறகுதான் அப்பா உள்ளே வந்தார். கட்டிலைத் தடவினார். தரையைக் குனிந்து பார்த்தார். ஜன்னல் ஜன்னலாகத் தொட்டுப் பார்த்தார். சித்தி எழுந்து ஒதுங்கி நின்றாள். அவள் முகமெல்லாம் மஞ்சள் ஈரம் மின்னியது. ஆனால் தம்பி பெண்டாட்டியை நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் அப்பாவுக்கு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து தரையைப் பார்த்துத்தான் அவளிடம் பேசுவார். அன்றும் பஸ் முழுக்கப் பார்த்தார், அவள் முகத்தைத் தவிர. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"செரி. ஓட்டிப் பாரு" என்று தரையிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சித்தி சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. "டிரைவர் சீட்டுக்கு மேல, ரெண்டாவது ஆணி. அங்க மட்டும் தார் வைங்க. கூரை பூரா மெழுவாதீங்க." சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் சிரித்தார்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் நான் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் ஏழு அறைகள், ஒன்றுகூட ஒழுகாது. சித்திக்கென்று தேக்குக் கட்டில் உண்டு. மாதம் தவறாமல் அவளைச் சமையல்கட்டில் உட்காரவைத்து, "இந்த மாசமும் ஒண்ணும் இல்லியாடி?" என்று விசாரிக்க அம்மாவும் இரண்டு அத்தைகளும் இருந்தார்கள். அத்தனை அக்கறையான வீட்டை விட்டு ஒருத்தி ஏன் ஒழுகும் பஸ்ஸுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.