சிலிண்டர் பூஜ்யம்

கல்யாணப் பத்திரிகை வந்தால் செல்லப்பா மணமக்கள் பெயரைப் பார்ப்பதில்லை. அட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மடக்குகிறார். விட்டதும் நிமிர்ந்தால் கல்யாணத்துக்குப் போவார். துவண்டால் மொய் மட்டும் போகும்.

நிமிர்ந்த அட்டைகள் எஞ்சினுக்கு. இரண்டு இரும்புகள் சேரும் இடத்தில் கசியாமலிருக்க நடுவில் ஒரு கேஸ்கட் வேண்டும். அதற்கென்றே கடையில் தாள் விற்கிறது. "அது அப்பளம். ஒரு தடவ சூடு பட்டாப் பொரிஞ்சிரும்" என்கிறார். பத்திரிகையை இரும்பின் மேல் வைத்து விளிம்பு நெடுகச் சின்னச் சுத்தியலால் தட்டுவார். இரும்பின் விளிம்பே அட்டையை வெட்டிக் கொடுத்துவிடும். பிறகு எண்ணெயில் ஊறப் போடுவார். அவருடைய எஞ்சினுக்குள் கொச்சியின் கொச்சங்காடி, தேவரா வட்டாரத்துத் தம்பதிகள் பலர் இருக்கிறார்கள். சிலர் பிரிந்துவிட்டார்கள். கேஸ்கட் விடவில்லை.

வயது நாற்பத்தெட்டு. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மட்டாஞ்சேரிக்கு வந்து இருபத்தாறு வருடம். படகு எஞ்சின் பட்டறை ஒன்றில் லேத், வெல்டிங். மனைவி ஒச்சம்மாள் மார்க்கெட்டில் காய்கறி விற்கிறார். யூசுப் என்பவரின் இஞ்சிக் கிடங்கு கொச்சங்காடியில் இருக்கிறது. அதன் பின்பாதியில் ஏழு வருடமாக, சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், செல்லப்பா ஒரு பந்தயக் கார் செய்கிறார். தெருவில் ஓட்ட அல்ல. கோயம்புத்தூர் டிராக்கில் ஓட்ட.

உடம்பு களமசேரியில் செடி முளைத்துக் கிடந்த பழைய ஃபியட் டாக்ஸி. கூரைக்குள் ஓட்டுநரைக் காப்பாற்றும் கூண்டு, ஆலை ஏலத்தில் வந்த பாய்லர் குழாய். ரேடியேட்டர் சுமோவுடையது. இருக்கை மீன்பிடிப் படகுடையது. இன்னும் லேசாக அயிலை மீன் மணக்கிறது. எஞ்சின் மட்டும் மாஸ்டா. எங்கோ நசுங்கிய ஜப்பான் காரிலிருந்து பெங்களூர் வந்து, உள்ளே தண்ணீர் இறங்கிச் சுழலாமல் இறுகிப்போய், எடைக்கு விலை போனது. கிலோக் கணக்கில் ரோட்டரி எஞ்சின் வாங்கியவர் கேரளத்தில் தான் ஒருவர்தான் என்று நம்புகிறார்.

இந்த எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. ஏறி இறங்குவது எதுவும் கிடையாது. இடுப்பு ஒடுங்கிய ஒரு கூட்டுக்குள் முக்கோண இரும்பு சுழல்கிறது, அவ்வளவுதான். "சமோசா ஒண்ணு சட்டிக்குள்ள உருளுதுன்னு வச்சுக்கங்க. மூணு மூலையும் சட்டிய விட்டு விலகக் கூடாது. விலகுனா அன்னைக்கே செத்துச்சு." மூலைகளில் பதியும் விரல் நீளச் சீல்களை எண்ணெய்த் துணியில் சுற்றி, பல்துலக்கும் பிரஷ் வந்த டப்பாவில் வைத்திருந்தார். வீட்டில் நகை இருக்கும் அலமாரியில் அந்த டப்பாவும் இருந்தது. நகை குறைந்துகொண்டே வந்தது என்கிறார் ஒச்சம்மாள்.

புகைதான் அவருக்கு முதல் சண்டை. சீல்கள் தேயாமலிருக்க இந்த எஞ்சின் எண்ணெயையும் சேர்த்தே எரிக்கும். பார்க்கிறவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்குகிறார்கள். "சேட்டா, எஞ்சின் போயி." செல்லப்பாவுக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். "போகல. குடிக்கிறதுக்குன்னே பண்ணுன எஞ்சின். நீ குடிச்சா உன் பொண்டாட்டி போயின்னா சொல்றா?"

இரண்டாவது சண்டை கோயம்புத்தூர்ப் படிவத்தோடு. 'சிலிண்டர் எத்தனை' என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதி அனுப்பினார். பந்தயக்காரர்களிடமிருந்து போன் வந்தது.

"பூஜ்யம்னு போட்டிருக்கீங்களே, எலக்ட்ரிக்கா?"

"பெட்ரோல்."

"பெட்ரோல் வண்டிக்கு சிலிண்டர் இல்லாம எப்படிங்க?"

"அதத்தாங்க ஏழு வருசமாப் பண்ணிட்டிருக்கேன்."

கம்ப்யூட்டர் பூஜ்யத்தை ஏற்காது, சும்மா இரண்டு என்று போடுங்கள் என்றார்கள். மறுத்தார். இல்லாததை இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட அவருக்கு வராது. ஒரு வாரம் கழித்து விஷயம் தெரிந்த யாரோ பேசி, வண்டியைப் பெரிய எஞ்சின்களின் பிரிவில் சேர்த்தார்கள். சுழல் எஞ்சினின் கொள்ளளவைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக எண்ணுவது விதியாம். "ஒல்லிப் பயல இழுத்துக் கொண்டுபோய் பயில்வான்கூட நிறுத்துறானுக" என்று பட்டறையில் மூன்று நாள் பொருமினார். ஆனால் தேதி கிடைத்துவிட்டது. ஆடி மாதம், மூன்றாவது ஞாயிறு.

அதற்கு முந்தைய வாரம் கார்புரேட்டருக்கு அடியிலிருந்த கேஸ்கட் கிழிந்தது. சேர்த்து வைத்திருந்த அட்டைகள் தீர்ந்திருந்தன. ஆடியில் தமிழனுக்குக் கல்யாணம் இல்லை. அதையே மலையாளி கர்க்கடகம் என்கிறான், அவனுக்கும் இல்லை. யூசுப்பின் தங்கை மகளுக்கு நிக்காஹ் இருந்தது. அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்தது, மயிலும் பாட்டுமாக.

"இத வெட்டி கேஸ்கட் போட முடியுமா இக்கா?"

"காலம் மாறிப்போயி, செல்லப்பா."

இந்த ஊரில் ஓடாத பொருளுக்குத்தான் மரியாதை. படகைக் கவிழ்த்து மேஜை ஆக்குகிறார்கள். தையல் மிஷினின் காலை வெட்டிக் கைகழுவும் தொட்டிக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். அந்த மேஜையில் கசப்புக் காபி வைத்து முந்நூறு ரூபாய் கேட்கிறார்கள். அந்த மிஷினில் தைத்தவள் பக்கத்துச் சந்தில் உட்கார்ந்து கையால் ஓரம் அடித்துக்கொண்டிருப்பாள். அவளை யாரும் படம் எடுப்பதில்லை. கிடங்கின் முன்பாதியையும் கலைக் கண்காட்சி ஒன்று வாடகைக்கு எடுத்தது. எடுத்தவர்கள் பின்பாதியை எட்டிப் பார்த்தார்கள்.

பந்தயத்துக்கு முந்தைய வியாழக்கிழமை காலை செல்லப்பா உள்ளே போனபோது வண்டியைச் சுற்றி நான்கு பித்தளைக் கம்பங்கள் நின்றன. கம்பங்களுக்கிடையே சிவப்புக் கயிறு. முன்னால் தாங்கியில் ஒரு அட்டை. யூசுப் தூணோரம் நின்றார். கண்காட்சியை அமைக்கும் ஸாதனா கையில் லேப்டாப்போடு நின்றாள். தேவராவில் வளர்ந்த பெண். வீட்டில் பாலக்காட்டுத் தமிழ்.

செல்லப்பா கயிற்றைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"நூல எங்க?"

"எந்த நூல் அங்கிள்?"

"சக்கரத்துக்கு நேர் பாக்கக் கட்டியிருந்த, மீன் பிடிக்கிற தங்கூசி நூலு."

"அதுவா? குப்பைன்னு நெனச்சு ஆளுகள் எடுத்துட்டா. நன்னா க்ளீன் பண்ணியாச்சு."

நான்கு சக்கரமும் ஒரே நேரில் நிற்க அந்த நூலை வைத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அளந்திருந்தார். கம்ப்யூட்டரில் அளக்கும் கடைக்குப் போகக் காசில்லாதவன் அளவு அது. அதை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

"சூடாவேண்டா" என்றார் யூசுப். "மூணு மாசம் வண்டி இவிடத்தன்னே நிக்கட்டே. அது வர வாடக வேண்டா. ஞான் வாக்கு கொடுத்துப் போயி."

"என் வண்டிக்கு நீங்க வாக்குக் கொடுத்தீங்களா இக்கா?"

யூசுப் தூணைப் பார்த்தார்.

அட்டையில் மேலே இங்கிலீஷ், கீழே மலையாளம். செல்லப்பா மலையாளத்தைப் பஸ் போர்டு படிக்கும் வேகத்தில் படிப்பார். 'ஓடாத ஓட்டம். செய்தவர்: பெயர் அறியாத புலம்பெயர் தொழிலாளி. பழைய உலோகம், துரு, காத்திருப்பு.' இரண்டு முறை படித்தார்.

"இக்கா, என் பேரு என்ன?"

"செல்லப்பா."

"கேட்டியாம்மா? கேட்டாச் சொல்லிருப்பாரு." வண்டியின் கதவைத் தட்டினார். "துரு எங்க இருக்கு, காட்டு."

ஸாதனா கதவின் செம்பழுப்பு நிறத்தைக் காட்டினாள்.

"அது ரெட் ஆக்சைடு. துரு வரக் கூடாதுன்னு அடிக்கிற பெயின்ட்டு."

அவள் முகம் சிவந்தது. "அட்டையை மாத்திடலாம் அங்கிள், பேரும் போட்டுடலாம். ஆனா இது ஓடறதை விட நிக்கறச்சேதான் நன்னா பேசறது."

"பேசுறதுக்கு நான் இருக்கேன். வண்டி ஓடுறதுக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்றார். முடியாது. சனிக்கிழமை திறப்பு விழா. மேலும் இன்ஷூரன்ஸ்காரர்கள் பெட்ரோல், எண்ணெய் எல்லாவற்றையும் வடித்துவிடச் சொல்கிறார்கள். இதை ஸாதனா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"வண்டி போயால் இடமும் போகும்" என்றார் யூசுப், மெதுவாக. "பின்னே என்னக் குறை சொல்லக் கூடாது."

ஒச்சம்மாள் மார்க்கெட்டிலிருந்து தூக்குவாளியோடு வந்தார். நடந்ததை யூசுப் சொல்லக் கேட்டார். கயிற்றைத் தாண்டி ஒரு டயரின் மேல் உட்கார்ந்து மூடியைத் திறந்தார்.

"பேரு தெரியாத தொழிலாளிக்கு இட்லி கொண்டாந்திருக்கேன். திங்கச் சொல்லுங்க."

இரண்டு இட்லியை மூடியில் எடுத்து வைத்துவிட்டு வண்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"இடம் போனா இத எங்கய்யா நிறுத்துவ? வீட்டுல நம்ம ரெண்டு பேரு கால நீட்டவே முறை வச்சுப் படுக்கோம்."

செல்லப்பா கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டித் தாங்கியிலிருந்து அட்டையை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மடக்கினார். விட்டார். நிமிர்ந்தது.

பானெட்டைத் தூக்கி, கார்புரேட்டர் உட்காரும் இரும்பின் மேல் அட்டையை எழுத்துப் பக்கம் தெரிய வைத்தார். சுத்தியலின் உருண்டைத் தலையை போல்ட் துளைக்கு நேராகப் பிடித்து ஒரு தட்டு. சின்ன வட்டமொன்று கழன்று விழுந்தது. குனிந்து ஊதித் தள்ளிவிட்டு, அடுத்த துளைக்கு நகர்ந்தார்.