மருதாயி அக்காவும் மான் தலைத் தட்டுகளும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு அக்காவின் மகள் நிரோஷா எனக்குப் போன் எடுத்தாள். "மாமா, அம்மா எந்திரிக்கல" என்றாள்.

என் அக்கா மருதாயி, பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் கல்யாணமான வருடம் முதல் வேலை செய்தவள். சாப்பாட்டறை அலுமாரிச் சாவி அவளிடம்தான். உள்ளே வெள்ளைக்காரத் துரை காலத்துத் தட்டுகள் இருந்தன. வெள்ளி என்றே எல்லோரும் நம்பினார்கள். வாரம் தவறாமல் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்ப்பாள்.

போன மாதம் பங்களாவை உல்லாசப் பயணிகளுக்கு விடத் தீர்மானித்தார்கள். பொருட்களை மதிப்பிடக் கொழும்பிலிருந்து வந்தவர், தட்டுகள் வெள்ளியே இல்லை என்றார். மறுநாள் பெரட்டில், வேலை பிரிக்கக் கூடி நின்ற அத்தனை பேர் முன்னாலும், வெள்ளித் தட்டுகளை யாரோ மாற்றிவிட்டார்கள், திரும்பி வராவிட்டால் பொலிஸுக்குப் போவேன் என்றார் இப்போதைய துரை. பெயர் சொல்லவில்லை. எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். "அதான் மக காதுல புதுத் தோடு மின்னுது" என்றாளாம் பின்னால் நின்ற ஒருத்தி.

பெரட்டில் நடந்ததைக் கேள்விப்பட்டு நான் போனபோது அக்கா ட்ரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். பங்களாத் தட்டுகளின் வரிசையைச் சேர்ந்தது. ஓரம் உருகி வழிந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், துரைக்குச் சூடான தட்டில் சாப்பாடு வைக்க வேண்டுமென்று அதை அடுப்பின் மேல் வைத்திருக்கிறாள். வெறும் ஈயச் சொம்பைத் தீயில் வைத்தாற்போல் இளகிவிட்டது. பயந்து, தொழிலாளர் லயத்திலிருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒளித்துவிட்டாள்.

"இதக் காட்டுனா திருடின்னு முடிவே பண்ணிருவாங்க தம்பி. காட்டலன்னாலும் திருடிதான்."

பலாங்கொடையில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் ஹஸீப் நானாவிடம் அதைக் கொண்டுபோனோம். விளிம்பைச் சுற்றி இரட்டைக் கோடு. குழிவின் அடியில் சுத்தியல் தடங்கள். நடுவில் காலகாலமாகக் கத்தி கீறிய கோடுகள். முதுகில் கிரீடம் வைத்த ரோசாப்பூ, அதனடியில் லண்டன் என்ற எழுத்து. விளிம்பில் சின்னதாக ஒரு மான் தலை.

"இது வெள்ளியும் இல்ல, அலுமினியமும் இல்ல. பியூட்டர். வெள்ளீயத்துல செய்யிறது. இருநூறு வருசம் இருக்கும்" என்றார். மற்றத் தட்டுகளிலும் இந்த முத்திரை இருந்தால் போதும், அவை மாற்றப்படவில்லை என்று காட்டிவிடலாம் என்றார்.

அக்கா குனிந்துகொண்டாள். வாராவாரம் அவள் தேய்த்த சாம்பல் மற்றத் தட்டுகளின் முத்திரைகளையெல்லாம் தின்றிருந்தது.

சனிக்கிழமை தட்டைத் துவாயில் சுற்றிக்கொண்டு பங்களாவுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். துரை தட்டைப் பார்க்கவில்லை. இது எப்படி உன் வீட்டுக்கு வந்தது என்றுதான் கேட்டார். அவள் அடுப்பின் கதையைச் சொன்னாள். மற்றத் தட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி நான் மன்றாடினேன். அதே அகலம், அதே இரட்டைக் கோடு. ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தபோது ஒவ்வொன்றின் விளிம்பிலும் கொம்புகளின் நிழல் மாத்திரம் மங்கலாகத் தெரிந்தது. பங்களா வாசல் கல்லில் முதல் துரை செதுக்கிவைத்ததும் அதே மான்தான்.

துரை ஒரு தட்டை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, உன்மேல் தவறில்லை என்றார்.

"எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாதுங்க தொர. பெரட்டுல பேசுனீங்க. பெரட்டுலயே சொல்லிருங்க."

திங்கட்கிழமை சொல்வதாக ஒப்புக்கொண்டார். ஆனால் மறுநாள் ஞாயிறு விடியும் முன்பே அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அடக்கத்துக்குத் துரை மலர்வளையம் அனுப்பியிருந்தார். இன்று புதன்கிழமை. திங்கள் முதல் தினமும் பெரட்டு நடக்கிறது. அவர் இன்னும் சொல்லவில்லை.