மூன்றாம் லைனுக்கு ஒரு விளையாட்டு

சூளகிரிக்குப் பக்கத்தில், வண்டிகளுக்கு வயர்க் கட்டு செய்து கொடுக்கும் ஆலை ஒன்றில் வஜிஹாவுக்குப் பயிற்சிப் பிரிவில் வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எந்த நிற வயர் எந்தத் துளையில் போகும் என்று சொல்லிக்கொடுப்பாள். தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்று காட்டுவாள். பாதுகாப்பு வாரம் வந்தால் கோலப்போட்டியும் அவள் தலையில்தான்.

சிங்காரப்பேட்டையில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள். பர்கூரில் இன்ஜினியரிங் படித்தாள். கூடப் படித்தவர்கள் பெங்களூருக்குப் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது, இவள் இந்த ஆலையில் தரப் பரிசோதனையில் சேர்ந்தாள். மெஷின் சத்தமும் நூறு பேர் பேசுகிற சத்தமும் அவளுக்குப் பிடித்திருந்தது. ஓசூரில் டயர் கடை நடத்தும் தானிஷைக் கல்யாணம் செய்த பிறகும் வேலையை விடவில்லை. யார் எந்த ஊர், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் கேட்காமலே அவள் காதுக்கு வந்துவிடும். அதனாலேயே பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள் என்று தானிஷ் கேலி செய்வான்.

இப்படி இருக்கையில்தான், வயர்க் கட்டுகளைக் கோக்கும் வரிசைகளில் ஒன்றான மூன்றாம் லைன் விவகாரம் அவளிடம் வந்தது.

லைனுக்குத் தலைவி வீரலட்சுமி. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கணவனோடு வந்து சூளகிரியில் வாடகைக்கு இருப்பவள். கை வேகம், வாய் அதைவிட வேகம். லைன் கடைசியில் பரிசோதனை மேஜையில் நிற்கும் நாலைந்து பேருக்கு மூத்தவன் அசோக்குமார், குருபரப்பள்ளிக்கு உள்ளே ஒரு ஊர்க்காரன். வயர் தப்பாகச் செருகப்பட்டிருந்தால் அவன் நடுவில் சொல்ல மாட்டான். மொத்தமாகச் சேர்த்துவைத்து ஷிப்ட் முடியும் நேரத்தில் திருப்பி அனுப்புவான். தப்பு நடக்கிறது என்று தெரிந்தாலும் வீரலட்சுமி லைனை நிறுத்த மாட்டாள். நிறுத்தினால் எண்ணிக்கை குறையும். இவனுக்கு அவள் மேல் குறை, அவளுக்கு இவன் மேல் குறை. மாதக் கடைசியில் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வந்த திட்டு மட்டும் இரண்டு பேருக்கும் பொது.

உற்பத்தி மேனேஜர் மாதவன் வஜிஹாவைக் கூப்பிட்டார். "பெங்களூர்ல ட்ரெய்னிங் போயிட்டு வந்தீங்களே மேடம், டீம் கேம்ஸ் அது இதுன்னு. அதுல எதாவது ஒண்ண எடுத்து இவங்களுக்கு வெச்சு வுடுங்க. ஒத்துமையா இருந்தா போதும்."

அந்தப் பயிற்சியில் கொடுத்த புத்தகத்தில் விளையாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. பலூன், காகிதக் கோபுரம், கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. வஜிஹா முதலில் காகிதக் கோபுரத்தை எடுத்தாள். பழைய செய்தித்தாளும் டேப்பும் கொடுத்ததும் எல்லோரும் குழந்தைகள் மாதிரி சிரித்தார்கள், கோபுரம் கட்டினார்கள், கைதட்டினார்கள், செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் அதே மேஜை, அதே சண்டை.

கொஞ்சம் உடம்பு அசைகிற மாதிரி இருந்தால் நெருக்கம் வரும் என்று அடுத்ததாக வடம் இழுக்கும் போட்டி வைத்தாள். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் அணி பிரித்தாள். ஆனால் வெளியே போய் நின்றதும் லைன்காரர்கள் ஒரு பக்கமும் பரிசோதனைக்காரர்கள் மறுபக்கமும் தாங்களாகவே இடம் மாறிக்கொண்டார்கள். அப்போதே அவள் நிறுத்தியிருக்கலாம். விசில் ஊதிவிட்டாள். வீரலட்சுமி பக்கம் ஒரே இழுப்பில் இழுக்க, அசோக்குமார் முட்டி தேயக் குப்புற விழுந்தான். ஜெயித்தவர்கள் போட்ட கூச்சல் காவலாளி அறை வரைக்கும் கேட்டது. அதன் பிறகு அவன் அந்த லைனோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

வீட்டில் இதைச் சொன்னபோது தானிஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சண்டைக்காரங்கள எதிரும் புதிருமா நிக்க வெச்சு கையில கயிறையும் குடுத்திருக்க. வேற என்னா பண்ணுவாங்க?"

"சிரிக்காதீங்க. எனக்கு மானம் போகுது."

"இல்ல வஜிஹா, நெசமா கேக்கறேன். ஜெயிச்சா அவங்களுக்கு என்னா கெடைக்கும்?"

"ஒரு சோப்பு டப்பா."

"அதுக்கு எவன் கூடிப் பேசுவான்?"

கோபம் வந்தாலும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. காய் நறுக்கும்போதும் அதுதான், குளிக்கும்போதும் அதுதான். இரண்டு விளையாட்டிலும் முடிவு என்று எடுக்க ஒன்றுமே இல்லை. கோபுரம் உயர்ந்தால் என்ன, சாய்ந்தால் என்ன? யாருக்கும் எதுவும் போகப்போவதில்லை, வரப்போவதுமில்லை. அவர்கள் சேர்ந்து ஆசைப்படுகிற ஒரு விஷயம் வேண்டும். அதில் ஒருத்தர் ஜெயித்து இன்னொருத்தர் தோற்கவும் கூடாது.

அப்படி ஒன்று கம்பெனி பஸ் விஷயத்தில்தான் அவளுக்குக் கிடைத்தது. மூன்றாம் லைன் ஆட்களை ஏற்றி வர இதுவரை இரண்டு வேன் ஓடியது. அடுத்த மாதத்திலிருந்து ஒரே பஸ் என்று அறிவித்திருந்தார்கள். அது எந்த வழியாகப் போகும் என்பதுதான் கேண்டீனில் எல்லோருக்கும் பேச்சு. வழியை மாதவன் முடிவு செய்வதாக இருந்தது. வஜிஹா நேராக அவரிடம் போனாள்.

"சார், அந்த பஸ் ரூட்ட மூணாம் லைன்காரங்களே முடிவு பண்ணட்டும்."

"வேற வெனையே வேணாம். அடிச்சுக்குவாங்க."

"நீங்க போட்டாலும் திட்டத்தான் போறாங்க. உங்களத் திட்டுறதுக்குப் பதிலா அவங்களே பேசிக்கட்டும்."

மாதவன் யோசித்தார். ஷிப்ட் மணிக்கு முன்னால் பஸ் வாசலுக்கு வந்துவிட வேண்டும், சொன்ன கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. இரண்டு நிபந்தனை போட்டுச் சரி என்றார்.

சைக்கிள் ஷெட்டைக் காலி செய்து, தரையில் சாக்பீஸால் வஜிஹா ஊரை வரைந்தாள். நடுவில் நெடுஞ்சாலை. ஒரு முனையில் கிருஷ்ணகிரி, மறு முனையில் ஆலை. இரண்டு பக்கமும் கிளைச் சாலைகள். ஸ்டோரிலிருந்த அதே வடத்தை எடுத்து வந்து, அனுமதித்த கிலோமீட்டருக்குத் தக்கபடி முடிச்சுப் போட்டாள்.

"இதுதான் பஸ் ஓடுற தூரம். கயிறு முடிஞ்சா டீசலும் முடிஞ்சுது. அவங்கவங்க ஊர்ல போய் நில்லுங்க."

சிரித்துக்கொண்டே போய் நின்றார்கள். அடுத்து அவள் சொன்ன விதியைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. யாரும் தன் ஊருக்காகப் பேசக் கூடாது. ஆளுக்கு ஒரு ஜோடி, ஜோடியின் ஊருக்காகத்தான் பேச வேண்டும். ஓட்டுப் போடுவது கிடையாது. எல்லோரும் சரி என்றால்தான் சரி.

வீரலட்சுமிக்கு ஜோடி அசோக்குமார்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றார்கள். கடைசியில் வீரலட்சுமிதான் வாயைத் திறந்தாள். "சொல்லுண்ணே, ஒனக்காக நான் என்ன பேசணும்?"

"மெயின்ரோட்டுல நின்னா போதும்."

"அப்ப எதுக்கு அடிக்கடி வேன விட்டுட்டு வேர்த்து விறுவிறுத்து வாரீக?"

அவன் காரணத்தைச் சொன்னான். தக்காளி பறிப்புக் காலத்தில் விடியும் முன் பெட்டிகளை மார்க்கெட் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப முடியும். ஆள் கிடைப்பதில்லை. வீட்டில் அவனும் அம்மாவும்தான். வேன் அவன் ஊருக்கு முதலில் வந்துவிடுவதால்தான் தவறிப்போகிறது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே. காலங்காத்தால இப்படி ஓடி வந்தா எரிச்சலாத்தான் இருக்கும்."

"நீ எங்க பேச வுட்ட?" என்றான் அவன். ஆனால் குரலில் சூடு இல்லை. பிறகு அவனும் கேட்டான். அவள் குடியிருக்கும், புதிதாக மனை போட்ட லேஅவுட் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. இரண்டாம் ஷிப்ட் வரும் வாரங்களில் இரவு வேலை முடிந்து இறங்கினால் வழியில் ஒயின் ஷாப், அதைத் தாண்டினால் நாய்க்கூட்டம். அங்கே குடியிருக்கும் ஆறேழு பெண்கள் கையில் கல்லை எடுத்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

"கல்லா?" என்றான் அசோக்குமார்.

"பின்ன? பூவா வச்சுக்கிட்டுப் போக முடியும்?"

கயிற்றை விரித்தார்கள். பஸ் அசோக்குமார் ஊர் நிறுத்தத்துக்குக் கடைசியில் வருகிற மாதிரி, கிளைச் சாலைகளுக்கு முதலில் போய்த் திரும்ப வைத்தார்கள். லேஅவுட்டுக்குள் அவனே குனிந்து கயிற்றை வளைத்துவிட்டான். எல்லா இடத்துக்கும் போனது, ஒன்றைத் தவிர. மலையடிவாரத்து ஊரில் நின்றிருந்த பிரியாவுக்குக் கயிறு எட்டவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், யாரிடமும் அதிகம் பேச மாட்டாள்.

"பரவால்லன்னு சொல்லிடும்மா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் பிரியா. சொன்னதும் அவளுக்கே அழுகை முட்டியது. "எங்க ஊருக்குக் காலைல டவுன் பஸ் கெடையாது. இதுவும் வரலன்னா வேலைய வுட்டுட்டு வூட்ல இருன்னு சொல்லிடுவாங்க."

விதியை மீறித் தன் ஊருக்காகவே பேசிவிட்டாள். வஜிஹா தடுக்கவில்லை. அசோக்குமார் யாரிடமாவது பைக் வாங்கிக் கூட்டி வந்துவிடுவதாகச் சொல்ல, "எங்க அம்மா என்ன வெட்டிப் போட்டுரும்" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நைட்டு எப்படிப் போவ?" என்று வீரலட்சுமி கேட்டாள்.

"நைட்டுக்கு அப்பா வண்டி எடுத்துக்கிட்டு மெயின்ரோட்டுல வந்து நிப்பாரு. காலைலதான் அவரு பால் ஊத்தப் போயிடுவாரு."

வீரலட்சுமி தன் காலடியில் வளைந்து கிடந்த கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்களுக்கு நைட்டுக்குத்தான பயம். விடியக்காலம் பால்காரவுக, பூக்காரவுகன்னு ரோட்டுல ஆள் நடமாட்டம் இருக்கும். நாங்க சேந்து நடந்துருவோம். காலைல பஸ் இவ ஊருக்குப் போகட்டும், நைட்டு எங்க தெருவுக்குள்ள வரட்டும். ரெண்டும் ஒரே வழியாத்தான் போகணும்னு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லைதான். அசோக்குமார் லேஅவுட்டிலிருந்து கயிற்றை உருவினான். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அதை மலையடிவாரத்துக்கு நீட்டினார்கள். பிரியாவின் செருப்பு நுனியில் போய்த் தொட்டது. "சரியா?" என்று வஜிஹா ஒவ்வொருவராகக் கேட்டாள். லேஅவுட்காரப் பெண் ஒருத்தி மட்டும் மழைக்காலத்தில் என்ன செய்வது என்று முனகினாள். மழைக்காலம் வந்தால் மறுபடி உட்கார்ந்து பேசுவது என்று முடிவானதும் அவளும் சரி என்றாள்.

மாதவன் இரண்டு வழியையும் பார்த்தார். கிலோமீட்டர் உள்ளுக்குள்தான் இருந்தது. மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

பஸ் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு லைனில் நடந்ததுதான் வஜிஹாவுக்குப் பெரிய சந்தோஷம். ஒருநாள் ஷிப்ட் நடுவில் அசோக்குமார் பரிசோதனை மேஜையை விட்டு வந்து, வயர் தப்பாகச் செருகிய ஒரு கட்டை வீரலட்சுமியிடம் காட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள், கையைத் தூக்கினாள், லைன் நின்றது. எந்த இடத்தில் தப்பு நடக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து தேடினார்கள். வழக்கம்போலக் கத்தலும் இருந்தது. ஆனால் கத்திக்கொண்டே சரி செய்தார்கள். அன்றிலிருந்து இரண்டு பேரில் யார் கை தூக்கினாலும் மற்றவர் வந்து பார்ப்பது, பார்த்த பிறகு சேர்ந்து முடிவெடுப்பது என்று அவர்களே வழக்கமாக்கிக்கொண்டார்கள். இதை வஜிஹா சொல்லித்தரவில்லை. திரும்பி வரும் கட்டுகள் ஒரேயடியாக நின்றுவிடவில்லை, குறைந்தன. தக்காளி நல்ல விலைக்குப் போன வாரத்தில் அசோக்குமார் ஒரு பெட்டியை லைனுக்கே கொண்டுவந்து இறக்கினான். வீரலட்சுமி தன் வீட்டில் தொக்கு செய்து கொண்டுவந்தாள். காரம் தாங்காமல் பாதிப் பேர் தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினார்கள்.

மாதவனுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "அந்த கேமுக்கு என்னா பேரு மேடம்? மத்த லைனுக்கெல்லாம் இதையே வெச்சுரலாம்."

"பேரெல்லாம் இல்ல சார். மத்தவங்களுக்கு பஸ் ஒரு பிரச்சனையே இல்லயே."

ஆனாலும் அவர் பேச்சைத் தட்ட முடியாமல் ஐந்தாம் லைனுக்கு ஒருமுறை சாக்பீஸ் ஊரை வரைந்து பார்த்தாள். எல்லோரும் ஆலைக்கு எதிரில் இருக்கும் விடுதியில் தங்குகிறவர்கள். கொட்டாவி விட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் சொன்னபோது தானிஷோடு சேர்ந்து அவளும் சிரித்தாள்.

மறுநாள் மதியம் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு ஐந்தாம் லைன் பெண்கள் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போனாள். விடுதியில் தண்ணீர் எப்போது வருகிறது, யார் முதலில் குளிப்பது என்று அவர்களுக்குள் பேச்சு சூடாகப் போய்க்கொண்டிருந்தது. வஜிஹா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரசத்தைப் பிசைந்தபடி கேட்கத் தொடங்கினாள்.