கவரு மாறிப்போச்சு

பாம்பனில் எங்கள் வீட்டுக்குள் மட்டும் தபால்காரர் கூப்பிடாமலே வருவார். மோர் குடித்துவிட்டுத்தான் போவார். அத்தனை தபால் எங்கள் அத்தைக்கு. அய்யாவின் தங்கை அவள். மாமா கொழும்பில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனதும் எங்களோடு வந்து தங்கிவிட்டாள். மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதினாள். கடல் கடந்து போன கணவனுக்கு மனைவி கடிதம் எழுதுகிறாள், அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கடிதம்.

ஆகவே வாரம் இரண்டு கவர்கள் எங்கள் வீட்டிலிருந்து புறப்படும். மெட்ராஸ் விலாசத்தை அத்தை எழுதுவாள். கொழும்பு விலாசத்தை எழுதுவது நான். புருஷன் பெயரை அத்தை வாயாலும் சொல்லமாட்டாள், கையாலும் எழுதமாட்டாள். கவருக்குள்ளேயும் "அத்தானுக்கு" என்றுதான் தொடங்குவாள். கதையில் வரும் மனைவியும் அப்படியேதான்.

"ஊரு ஒலகத்துக்கே கதை எழுதுறவளுக்குக் கட்டுனவன் பேர எழுத எட்டு வயசுப் பிள்ள வேணுமாக்கும்" என்று அம்மா கேலி செய்வாள்.

வாசகர்கள் எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். "அந்தப் புருஷனை நம்பாதே தாயி" என்று கதைக்குள் இருப்பவளுக்கே ஒருவர் புத்தி சொல்லியிருந்தார். ஆசிரியர் தவறாமல் "அடுத்த அத்தியாயம் தாமதமின்றி அனுப்புக" என்பார். மாமாவின் கடிதங்கள்தான் தேய்ந்துகொண்டே வந்தன. கவர் போய்க் கார்டாயிற்று. கார்டிலும் பாதி காலி. தீபாவளிக்கு முன்னால் வந்த கார்டில், "நலம், நலமறிய அவா. கடையில் வேலை அதிகம். இந்த வருஷமும் வர இயலாது" என்று மட்டும் இருந்தது.

"அங்கன இன்னொரு அடுப்பு எரியுதோ என்னமோ" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒற்றை ஆள், இரண்டு அடுப்பு வைத்து என்னத்தைச் சமைப்பார் என்று எனக்கு யோசனையாக இருந்தது. அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. தனுஷ்கோடியில் கப்பல் ஆட்களை ஏற்றி வந்த ரயிலெல்லாம் மாமாவை இறக்காமலே போயிற்று. அந்த வாரம் இரண்டு கவர்களும் கனமாக இருந்தன. வழக்கம்போல் ஒன்றில் நான் விலாசம் எழுதினேன்.

சில நாளில் மாமா வந்து நின்றார். தனுஷ்கோடியில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலேறி, சவரம்கூடச் செய்யாமல் வந்திருந்தார். கையில் பிஸ்கட் டப்பா இல்லை என்பதை நான் முதலில் கவனித்தேன். கசங்கிய கடிதம்தான் இருந்தது. அத்தை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பெட்டி கட்டிட்டேன், இனிமே என்னையத் தேட வேணாம்னு எழுதியிருக்கியே, என்ன இது?" என்றார் மாமா.

அத்தை புறங்கையால் கன்னத்தில் தட்டிக்கொண்டாள். "அடியாத்தே! கவரு மாறிப்போச்சுங்க! இது கதைக்கு எழுதுனது. உங்களுக்கு எழுதுனது மெட்ராசுக்குல்ல போயிருக்கும்!"

"நெசமாவே கதைதானா?"

"கதைதாங்க."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அம்மா சிரித்தாள். அய்யாவுக்குத்தான் உதறல் எடுத்தது. "ஏத்தா, வீட்டு விசயம் அச்சுல வந்தா ஊரு சிரிக்காதா? நான் கடையில உக்கார வேணாமா?" என்று குதித்தார். அவருக்குக் கயிற்றுக்கடை. பத்திரிகை வந்தால் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தங்கையின் கதையை உரக்க வாசித்துக் காட்டுவார். இந்த அத்தியாயம் வந்தபோது மட்டும் உள்ளறையில் ஒளிந்துகொண்டு வாசித்தார்.

பயந்தபடியே ஆயிற்று. போட்ட காப்பித்தூளிலேயே மறுபடியும் வெந்நீர் ஊற்றச் சொல்லும் ஒரு கஞ்ச அண்ணன் அதில் வந்தான். "பாத்தீகளா மாப்பிள்ளை! எந்தலையப் போட்டு உருட்டியிருக்கா!" என்று அய்யா புலம்பினார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக் காப்பி காப்பியாக இருந்தது.

அதுவரை அத்தையின் கதையில் ஒரு வரிகூடப் படித்தறியாத மாமா, தனக்கு எழுதிய கடிதமாயிற்றே என்று அந்தப் பத்திரிகையை வாங்கிப் படித்தார். கப்பல் சங்கு கேட்கும் இரவுகளில் தூக்கம் வருவதில்லை என்று அவள் எழுதியிருந்த பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஏற வேண்டிய கப்பலை விட்டார். அடுத்ததையும் விட்டார். பிறகு அய்யாவோடு கடையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை அடுப்படியில் பாடத் தொடங்கினாள். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அப்போது எனக்குக் கையில் கிடைத்ததையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பைத்தியம். பத்திரிகையையும், மாமா கொண்டுவந்த கடிதத்தையும் ஒன்றுவிடாமல் படித்தேன். கதைக் கணவன் இருந்தது ரங்கூனில். அச்சிலும் ரங்கூன் என்றே வந்திருந்தது; கதைக்காக ஆசிரியர் மாற்றிப் போட்டிருப்பார் என்று மாமா சொல்லியிருந்தார். மாமாவின் கடிதத்திலோ பக்கத்துக்குப் பக்கம் கொழும்பு!

ஓடிப்போய்ச் சொன்னேன். "அத்தே! கதையில ரங்கூன்னு எழுதாம கொழும்பு கொழும்புன்னு தப்பா எழுதியிருக்கீக!"

அத்தை வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெரிய கருப்பட்டித் துண்டை என் வாயில் திணித்தாள். "ஆமாத்தா, தப்பாத்தான் போச்சு. மாமாட்ட சொல்லிராத, கேலி பண்ணுவாக."

பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடத்துக்கு நான் தினமும் அடி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அச்சில் பெயர் வருகிற அத்தைக்கே ஊர் பெயர் தடுமாறுகிறது என்றால், நான் எந்த மூலைக்கு? மனசு நிறைந்துபோய், கருப்பட்டியைச் சப்பிக்கொண்டு விளையாட ஓடினேன்.