சினை ஆட்டுக்குப் போகாத புண்ணாக்கு

ஆட்டு வைத்தியத்தில் நோயாளி வாயைத் திறப்பதில்லை. அந்தக் குறை தெரியாதபடி ஆட்டுக்காரர்கள் பேசித் தள்ளிவிடுவார்கள். கால்நடை மருந்தகத்தில் காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களிடம் சொல்லித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும்.

பூச்சிக்கு விருந்தா?

கோட்டைக்குப்பம் தேசம்மாவின் கணவர் ஏரியில் இறால் பிடிக்கிறார். செம்மறிகள் தேசம்மாவின் பொறுப்பு. போன ஈற்றில் குடற்புழுவால் தாயையும் குட்டியையும் சேர்த்துப் பறிகொடுத்தவர். இந்த முறை மிச்சம் இருந்தது ஒரே ஒரு சினை ஆடு. அதற்கும் கண் இமை வெளுத்து, தாடையில் நீர் கோத்திருந்தது.

புழு மருந்தை ஊற்றிவிட்டு, மருந்து மட்டும் போதாது என்றேன். ஈனும் சமயத்தில் தின்பதெல்லாம் குட்டிக்கும் பாலுக்கும் போய்விடும். புழுவை எதிர்க்கத் தெம்பு இருக்காது. கடலைப் புண்ணாக்கு, அகத்திக்கீரை என்று புரதம் உள்ள தீனி கொடுங்கள் என்று தொண்டை வறள விளக்கினேன். தேசம்மா பொறுமையாகக் கேட்டார்.

"வயித்துல பூச்சி கீதுன்ற. தீனியும் போடுன்ற. ஆட்டுக்கா டாக்டரம்மா, பூச்சிக்கா?"

மினுமினுத்த கிடா

அடுத்த முறை போனபோது புண்ணாக்கு மூட்டை வந்திருந்தது. சினை ஆடு மட்டும் அப்படியே துவண்டு நின்றது. பக்கத்தில் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா, எண்ணெய் தடவினாற்போல மினுமினுத்தது. சொன்ன தீனியெல்லாம் அதன் வயிற்றில்! குட்டி சுமப்பதைப் பட்டினி போட்டுவிட்டு, சும்மா நிற்பதற்கு விருந்தா என்று எரிந்து விழுந்தேன். தேசம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தாளுக்கு எலும்பும் தோலுமாவா வுட முடியும்? சினை ஆடு எப்பிடியும் ஈனிடும் டாக்டரம்மா."

நடுத்துண்டு

போன ஈற்றிலும் அப்படித்தான் நம்பியிருப்பார். கிடாவை வேறு மூலையில் கட்டச் சொல்லி, தீனி வைக்கும் வேலையை மருமகள் செல்வியிடம் ஒப்படைத்தேன். அவளும் அப்போது முழுகாமல் இருந்தாள்.

ஆடு நல்லபடியாக ஈன்றது. இமையில் சிவப்பு ஏறியிருந்தது. குட்டி மடியை முட்டி முட்டிக் குடித்தது. தேசம்மா அதைத் தூக்கிக் கொஞ்சியதைப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. கிளம்பும்போது செல்வி வண்டிவரை வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மடவை மீன் கொழம்புன்னா தலையும் வாலும்தான் எனக்கு. நடுத்துண்டெல்லாம் ஆம்பிளைங்களுக்கு. ஆடு ஈனதுலேர்ந்து அத்தை எனக்கும் நடுத்துண்டு வெக்கிறாங்க, டாக்டரம்மா."

ஆட்டுக்குச் சொல்லும் வைத்தியம் எந்த வீட்டில் யார் தட்டில் போய் விழும் என்பதை மட்டும் எங்கள் கல்லூரியில் சொல்லித் தரவே இல்லை.