அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேன்

குடும்ப டாக்டர் தொழிலில் நோயைக் கண்டுபிடிப்பது சுலபம். நோயாளியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஊர்ப்பக்கம் கிளினிக் வைத்து நொந்துபோன சக டாக்டர்களே, என் ஸ்டெத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஓரெழுத்துகூடப் பொய்யில்லை.

ஒரே வார்ப்பு

தொண்ணூறுகளின் கடைசியில் அரியலூரில் போர்டு மாட்டினேன். எங்கள் பக்கம் வேலையை விட்டு டாக்டரிடம் வர யாருக்கும் மனசு வராது. காய்ச்சல் ஒருவருக்கு இருக்கும், வருவது இன்னொருவராக இருக்கும். வரதராஜன்பேட்டைக்காரர் ஒருவர் வாயைப் பிளந்து காட்டினார். தொண்டை பளிங்கு மாதிரி இருந்தது. வலியே இருக்காதே என்றேன்.

"வலி தம்பிக்குங்க. அவன் முந்திரிக்காட்டுல நிக்கிறான். ஒரு வயித்துப் புள்ளைங்கதானே, உள்ள எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், பாருங்க."

இடம் மாறிய ஊசி

இதில் ஆலத்தியூர் அஞ்சலையை மிஞ்ச ஆளில்லை. வீட்டுக்காரர் மாரிமுத்து சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். அவருக்கு ஓயாத தலைசுற்றல், பிடரிவலி. அவருடைய அப்பாவும் இப்படியே இருந்துதான் ஒரு காலையில் கைகால் விழுந்து படுத்தாராம். அஞ்சலைக்கு அந்தப் பயம். மாரிமுத்துவுக்கோ ஊசிப் பயம். "ஆளை அழைச்சிட்டு வாம்மா, பிரஷர் பார்க்கணும்" என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. அந்தம்மா தன் கையையே நீட்டும். தொல்லை தாங்காமல் ஒருநாள் அந்தம்மாவுக்கே இடுப்பில் ஒரு சத்து ஊசி போட்டேன். அடுத்த வாரம் வந்து சொன்னது:

"நீங்க இங்க எனக்குக் குத்துன நேரத்துக்கு அவரு அங்க இடுப்பைப் புடிச்சிக்கிட்டு துள்ளுனாருங்க. தலைசுத்தல் மட்டும் நிக்கல."

போனில் வந்த நெஞ்சு

செல்போன் வந்தது. குவாரியில் நின்ற மாரிமுத்துவைக் கூப்பிட்டு, போனை நெஞ்சில் வைக்கச் சொல்லி, இந்தப் பக்கம் என் ஸ்டெத்தை வைக்கச் சொன்னது அஞ்சலை. வைத்தேன். லாரி எஞ்சின்தான் கேட்டது. அதில் ஒரு வால்வு சரியில்லை என்றேன். ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்தால் நிஜம். மாரிமுத்து போனிலேயே நன்றி சொன்னார்:

"லாரிக்குப் பார்த்துட்டீங்கள்ல சார், டிரைவருக்கும் அதுவே போதும்."

கை நீண்டது

ஒரு திங்கட்கிழமை மாரிமுத்துவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அஞ்சலை எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறதாம். "அவளுக்குப் பதிலா நான் வந்திருக்கேன் சார்" என்று கையை நீட்டினார். விடுவேனா? பட்டையைச் சுற்றினேன். பாதரசம் ஏறிய உயரத்தைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது.

"மாரிமுத்து, இது உங்க பிரஷர். இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கலேன்னா உங்க அப்பா படுத்த பாய்தான்."

"அப்ப அஞ்சலைக்கு?"

"நீங்க முழுங்குனா அது தானா எழுந்துடும்."

மாத்திரையை வாங்கி, என் எதிரிலேயே போட்டுக்கொண்டார்.

"அவளுக்காகத்தான் முழுங்குறேன். எனக்கு ஒண்ணுமில்லைங்க."

எழுந்து வந்த நோயாளி

மறுநாளே பஸ் பிடித்து, குத்துக்கல்லாட்டம் வந்து நின்றது அஞ்சலை.

"கஞ்சிகூட அவரே காய்ச்சிக் குடுத்தாரு சார். சும்மா படுத்தே கெடந்ததுல இடுப்பு புடிச்சிக்கிச்சி, அதுக்கு ஒரு மாத்திரை குடுங்க. இது நெசமாவே எனக்குத்தான்."

ஆக, இத்தனை வருஷத் தொழிலில் எனக்குச் சரியாகக் கையைக் கொடுத்த நோயாளி, பெண்டாட்டிக்குப் பதிலாக வந்தவர்தான். அவர் இன்னமும் அஞ்சலைக்காகத்தான் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதால், அஞ்சலை சும்மா படுத்த கதையைச் சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.